மழைக்காலத்துக்கு எஸ்யூவி டயர்

ஐப்பசி மழைக்கு முன் எஸ்யூவிக்கு டயர் மாற்றுகிறீர்களா? ஆல்-டெரெய்ன் டயரின் முரட்டுத் தோற்றத்தில் மயங்கிவிடாதீர்கள். அது சேற்றுக்கும் கல்லுக்கும் நல்லது. நனைந்த தார்ச்சாலையில் பிரேக் போட்டால் பொதுவாக ஹைவே-டெரெய்ன் (சாலைக்கென்றே செய்த) டயர்தான் சீக்கிரம் நிற்கும். சுற்றளவு நெடுக அகலமான பள்ளங்கள் மூன்று, நான்கு ஓடுகின்றனவா என்று பாருங்கள். தண்ணீரை வெளியேற்றுபவை அவைதான். வெளியேறாவிட்டால் வேகத்தில் வண்டி தண்ணீர்மேல் மிதக்கும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

அப்புறம், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்: 2325 என்றால் 2025-இன் 23-வது வாரத் தயாரிப்பு. பழைய ரப்பர் இறுகிப்போய் ஈரத்தில் பிடிக்காது.

சட்டப்படி பள்ளம் 1.6 மி.மீ. ஆழமாகத் தேயும் வரை ஓட்டலாம். நான் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவேன். இரண்டு டயர் மட்டும் வாங்கினால், புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைத் திருத்திப் பிடிப்பது மிகக் கடினம்.