டிஸ்கஸ் முட்டையிட மண் பூந்தொட்டி போதும்

டிஸ்கஸ் (தட்டு போல வட்டமான வளர்ப்பு மீன்) ஜோடி சேர்ந்துவிட்டால், முட்டையிடுவதற்கென்று கடையில் விற்கும் பீங்கான் கூம்பை வாங்காதீர்கள். பெயின்ட் அடிக்காத சாதா மண் பூந்தொட்டி ஒன்றை (மானாமதுரைச் சரக்கு கிடைத்தால் பேஷ்) ஒரு நாள் ஊறவைத்துக் கழுவி, மீன் தொட்டிக்குள் கவிழ்த்து வையுங்கள்.

இந்த மீன் செங்குத்தான அல்லது சாய்வான பரப்பைத்தான் வாயால் கொத்திச் சுத்தம் செய்து முட்டையை ஒட்டும், சொரசொரப்பான மண்ணில் அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வேறு இடமே இல்லாவிட்டால் ஃபில்டர் குழாயிலோ ஹீட்டரிலோ போய் ஒட்டிவிடும், ஹீட்டரில் ஒட்டினால் அப்புறம் வேகவைத்த முட்டைதான். தான் இட்ட முட்டையையே தின்கிற ஜோடியாக இருந்தால் பூந்தொட்டியைச் சுற்றி பிளாஸ்டிக் வலை கட்டிவிடலாம், கண்ணாடியில் இட்ட முட்டைக்கு அந்த வசதி கிடையாது.

ஆனால் மதுரைப் பக்கத்து போர் தண்ணீரை அப்படியே ஊற்றினால் இது பலிக்காது. கடின நீரில் முட்டை கருக்கொள்வதே கஷ்டம், வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிடும். ஆர்.ஓ. தண்ணீர் கலந்து டி.டி.எஸ்ஸை (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) லிட்டருக்கு 100 மில்லிகிராம் பக்கம் இறக்கி, சூட்டை 29, 30 டிகிரியில் நிறுத்திய பிறகுதான் சரி வரும். செடி வைத்து உரம் போட்ட பழைய பூந்தொட்டி வேண்டவே வேண்டாம்.