ஆம்ஃபெட்டமின் எலி மாதிரி: எங்கே சறுக்கும்

ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்தை எலிக்கு விட்டுவிட்டுக் கொடுத்து, மனச்சிதைவு நோயில் (ஸ்கிசோஃப்ரினியா) காணும் சில மாற்றங்களை உருவாக்கி ஆராய்வதுதான் இந்த மாதிரி. நோயாளிக்குக் கேட்பதுபோல எலிக்கும் காதில் குரல் கேட்கிறதா என்று அதனிடம் கேட்க முடியாது. மனிதரிடமும் எலியிடமும் ஒரே மாதிரி அளக்கக்கூடியது பி.பி.ஐ. (prepulse inhibition, முன்னொலியால் திடுக்கிடல் அடங்குவது): பெரிய சத்தத்துக்குச் சற்று முன் சின்னச் சத்தம் வந்தால் திடுக்கிடல் குறையும். மனச்சிதைவில் அந்தக் குறைவு சரியாக நடப்பதில்லை.

நெறிமுறைக் குழு அனுமதியும் மருந்து வைத்திருப்பதற்கான உரிமமும் கையில் வந்த பிறகே எலி வாங்குங்கள்.

ஊசி வாரம் 3 நாள், 5 வாரம். கிலோவுக்கு 1 மி.கி.யில் தொடங்கி வாரத்துக்கு 1 கூட்டி 5-ல் முடியுங்கள். சலைனில் (உப்புநீரில்) கரைத்து, கிலோவுக்கு 1 மி.லி. வீதம் வயிற்றறைக்குள் போட வேண்டும். கட்டுப்பாட்டுக் குழுவுக்கு வெறும் சலைன். இடைவெளி முக்கியம், பம்ப் வைத்து ஓயாமல் செலுத்தினால் மருந்து பழகிப்போய், விளைவு கூடுவதற்குப் பதில் குறையக்கூடும். டெக்ஸ்ட்ரோ ஆம்ஃபெட்டமின் சல்ஃபேட் 1 மி.கி.யில் மூல மருந்து (சல்ஃபேட் உப்புப் பகுதி நீங்கலாக) சுமார் 0.73 மி.கி.தான். அளவு எதன் கணக்கு என்று குறிப்பேட்டில் எழுதாவிட்டால் அடுத்தவர் அதே சோதனையைச் செய்ய முடியாது.

பிறகு 3 வாரம் மருந்தே கிடையாது. தனிக்கூண்டில் வைக்காதீர்கள்; குட்டியிலிருந்தே தனியாக வளர்ந்த எலிக்கு மருந்தில்லாமலே பி.பி.ஐ. குறையும்.

முதலில் மருந்தில்லாமல் பி.பி.ஐ. பார்த்துவிடுங்கள். பின்னணி 65 டெசிபெல், முன்னொலி அதைவிட 3, 6, 12 கூடுதலாக 20 மில்லிசெகண்ட், 100 மில்லிசெகண்ட் கழித்து 120 டெசிபெல் அதிர்வொலி. டெசிபெல் மீட்டரை எலி இருக்கும் குழாய்க்குள் வைத்து, கதவை மூடி அளக்க வேண்டும். அதிர்வொலி மட்டும் வந்தபோது திடுக்கிடல் அளவு 400, முன்னொலியோடு 160 என்றால் பி.பி.ஐ. 60 சதவீதம். மருந்துக் குழுவில் அதிர்வொலிக்கு மட்டுமான அந்த அளவே 400-லிருந்து 150 ஆகிவிட்டிருந்தால் அந்தச் சதவீதத்தை நம்ப வேண்டாம். இந்த மருந்தில் எடை ஏறுவது மட்டுப்படும். எடை குறைந்த எலியின் துள்ளல், அது நிற்கும் உணர்தட்டில் சிறிதாகவே பதிவாகும்.

சில நாள் கழித்து, மருந்துக்கான எதிர்வினை கட்டுப்பாட்டுக் குழுவைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்க்க, இரு குழுக்களுக்கும் கிலோவுக்கு 0.5 மி.கி. சோதனை ஊசி. அரை மணி பெட்டியில் பழகவிட்டு, ஊசி போட்டு ஒரு மணி நேரம் நடமாட்டத்தை எண்ணுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அளவு கூடினால் எலி ஓடுவதை விட்டுவிட்டு ஒரே மூலையில் தலையை ஆட்டி முகர்ந்துகொண்டு, கம்பியைக் கடித்துக்கொண்டு நிற்கும். கதிர் எண்ணி (எலி குறுக்கே போகும்போது ஒளிக்கதிர் தடைபடுவதை எண்ணும் கருவி) ‘நடமாட்டம் குறைவு’ என்று காட்டும். உண்மையில் விளைவு உச்சத்தில் இருக்கும். எண்ணியை மட்டும் வைத்து இதைப் பிரித்தறிய வழியில்லை, வீடியோ வேண்டும்.

மெத்தாம்ஃபெட்டமினை ஒரே நாளில் பல தடவை அதிக அளவில் கொடுப்பது வேறு மாதிரி. அதில் உடல் சூடேறி டோபமின் நரம்பு முனைகளே சிதையும். இரண்டின் முடிவுகளையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.