உலாவியை மாற்றும்போது எஞ்சினையும் பாருங்கள்

குரோமை விட்டு விலக நினைத்தால் எட்ஜ், ஓபேரா, பிரேவ், விவால்டிக்குப் போகாமல் ஃபயர்ஃபாக்ஸை நிறுவுங்கள். அந்த நான்கும் குரோமியத்தின் மேல், அதாவது குரோமுக்கும் அடித்தளமான கூகுளின் திறமூல மென்பொருளின் மேல், கட்டியவை. உள்ளே ஓடுவது, அதாவது தளத்தின் நிரலைப் படித்துத் திரையில் பக்கமாகக் காட்டுவது, கூகுளின் பிளிங்க் எஞ்சின்தான். ஓபேரா 2013-லும் எட்ஜ் 2020-லும் சொந்த எஞ்சினைக் கைவிட்டுவிட்டன. எல்லோரும் ஒரே எஞ்சினில் இருந்தால், தளம் கட்டுபவர்கள் அதில் மட்டுமே சோதித்துப் பார்ப்பார்கள். இணையம் எப்படி இயங்க வேண்டும் என்பதை ஒரே நிறுவனம் தீர்மானிக்கும். ஃபயர்ஃபாக்ஸில் ஓடுவது கெக்கோ, மொசில்லாவின் சொந்த எஞ்சின். குரோம் கைவிட்ட யுபிளாக் ஆரிஜின் விளம்பரத் தடுப்பானும் இதில் முழுமையாக இயங்குகிறது, ஆண்ட்ராய்டு போனிலும்கூட.

கணினியில் மாறுவது எளிது. ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் பொதுப் பகுதிக்குப் போய் 'இம்போர்ட்' கொடுத்தால் குரோமின் புக்மார்க்குகள் வந்துவிடும். கடவுச்சொற்கள் வராவிட்டால் குரோமிலிருந்து சிஎஸ்வி கோப்பாக எடுத்து ஏற்றுங்கள். ஏற்றியதும் அந்தக் கோப்பை மறக்காமல் அழித்துவிடுங்கள், அதில் கடவுச்சொற்கள் அப்படியே படிக்கும்படி இருக்கும்.

இந்தியாவில் ஐபோன் வைத்திருப்போருக்கு இது பொருந்தாது: அதில் எந்த உலாவியைப் போட்டாலும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட்தான். உலாவி வழியே யுஎஸ்பி கருவிகளை இயக்கும் தளங்களுக்கு ஒரு குரோமிய உலாவி தேவைப்படும். அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.