யூட் ட்ரேக்கு வீட்டிலேயே கனோப்பி: 1.6 மி.மீ. சதுரக் குழாயைப் பொத்தல் விழாமல் வெல்டிங் செய்வது எப்படி?

ஆஸ்திரேலியாவில் யூட் (பின்னால் ட்ரே என்னும் திறந்த சுமைத் தளம் உள்ள பிக்கப் வண்டி) வைத்திருக்கும் தச்சருக்கும், எலெக்ட்ரீஷியனுக்கும், முகாம் போடக் கிளம்புகிறவருக்கும் ஒரு கட்டத்தில் ட்ரே மேல் பூட்டி வைக்க ஒரு பெட்டி வேண்டியிருக்கும். அந்தக் கனோப்பியின் ஃபிரேமை வீட்டு ஷெட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் 5 மி.மீ. இரும்பில் நன்றாக வெல்டிங் போடுகிறவர்கள்கூட 1.6 மி.மீ. குழாயில் பொத்தல் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் வெல்டிங்குக்கு முன்னால் நடக்கிற வெட்டு வேலை. அதனால் இந்தப் பதிவில் அதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

அளவும் சாமானும்

இங்கே எடுத்துக்கொள்வது டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) யூட்டுக்கான கனோப்பி: நீளம் 1700, அகலம் 1750, உயரம் 850 மி.மீ. உங்கள் ட்ரேயை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். கேபினுக்கும் கனோப்பிக்கும் நடுவில் 40 மி.மீ.யாவது இடம் விடுங்கள். கேபின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ட்ரே சேஸியோடு சேர்ந்து முறுக்கும். மேடுபள்ளத்தில் இரண்டும் ஒன்றாக அசையாது.

ஃபிரேமுக்கு 25×25×1.6 சதுரக் குழாய். ஆஸ்திரேலிய இரும்புக் கடைகளில் பெரும்பாலும் 6.5 மீட்டர் நீளத்தில் வரும். நான்கு நீளம் போதும்:

- கீழ் வளையம், மேல் வளையம்: 1700-இல் 4, 1750-இல் 4 (வெளியளவு, இரு முனையும் 45 டிகிரி)
- கூரைக்குக் குறுக்குக் குழாய்: 1700-இல் 3
- நான்கு மூலைக் கால்கள், முன்சுவரில் இரண்டு: 800-இல் 6

முதல் மூன்று நீளத்தில் ஒவ்வொன்றிலும் மூன்று நீளத் துண்டும் ஒரு 800-உம் எடுங்கள். நான்காவதில் இரண்டு நீளத் துண்டும் மூன்று 800-உம் வரும். பக்கவாட்டில் மேலே திறக்கும் இரண்டு கதவுகளுக்கு 20×20×1.6 குழாய் இரண்டு நீளம், கதவுக்கு ஒன்று.

25×25 குழாய் மீட்டருக்குச் சுமார் 1.12 கிலோ. கதவுகளையும் சேர்த்து ஃபிரேம் 35 கிலோவுக்குள் அடங்கும். மேலே 1.6 மி.மீ. அலுமினியத் தகடு போர்த்தினால் இன்னும் 38 கிலோ. அதே தடிமனில் இரும்புத் தகடு போட்டால் தகடு மட்டும் 110 கிலோவைத் தாண்டும். ட்ரே, புல் பார், ஆட்கள், டோ பால் (டிரெய்லர் மாட்டும் குண்டு) மேல் இறங்கும் எடை எல்லாமே யூட்டின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில்தான் கழியும். அதனால் அலுமினியத்தையே போடுங்கள்.

மெஷின்

1.6 மி.மீ.க்குச் சுமார் 60 ஆம்ப் போதும். வீட்டிலுள்ள சாதாரண 10 ஆம்ப் சாக்கெட்டில் ஓடும் சிறிய மிக் மெஷினே (டார்ச் வழியாக வயர் தானாக வந்துகொண்டிருக்கும் வகை) தாராளம். இதற்காக 15 ஆம்ப் லைன் இழுக்க வேண்டாம். 0.6 மி.மீ. சாலிட் வயர், ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த காஸ், நிமிடத்துக்கு 10 முதல் 12 லிட்டர். வயரை மாற்றும்போது டிப்பையும் ரோலர் பள்ளத்தையும் 0.6-க்கு மாற்றுங்கள்.

காஸ் இல்லாத ஃபிளக்ஸ் வயர் மலிவுதான், காற்றிலும் வேலை செய்யும். ஆனால் 0.8 ஃபிளக்ஸ் வயர் இந்தக் குழாய்க்குச் சூடு அதிகம், தெறிப்பும் அதிகம். முதல் கனோப்பிக்கு அது வேண்டாம். அதுதான் கையில் இருக்கிறது என்றால் போலாரிட்டியைப் பாருங்கள்: காஸ் போட்டால் டார்ச் பாசிட்டிவ், ஃபிளக்ஸ் வயருக்கு நெகட்டிவ். இதை மாற்ற மறந்துவிட்டு மெஷினையே குறை சொல்கிறவர்கள் நிறைய. 2.5 மி.மீ. ராட் போட்டு ஆர்க் வெல்டிங் செய்யும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

வெட்டும் பொருத்தமும்

இரண்டு குழாய்கள் சேருமிடத்தில் வெளிச்சம் தெரியக்கூடாது. 1 மி.மீ. இடைவெளி இருந்தாலே ஆர்க்குக்கு முன்னால் இரும்பு இருக்காது. இருபுற விளிம்பும் உருகிப் பின்வாங்கும், இடைவெளி பெரிதாகும், அதை நிரப்பப் பார்த்தால் பொத்தலாகும். "ஆம்ப் எவ்வளவு வைக்க?" என்று கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பதில் ஆம்பில் இல்லை, வெட்டில் இருக்கிறது.

பல் வைத்த பிளேடு போடும் கோல்டு சா கிடைத்தால் அதுவே சிறந்தது. கல் சக்கரம் வைத்த டிராப் சாவில் அழுத்தி வெட்டினால் சக்கரம் வளையும். 45 டிகிரி 44 ஆகிவிடும், நான்கு மூலையில் அந்தத் தவறு சேர்ந்துகொண்டே போகும். மெதுவாக இறக்குங்கள். முதலில் கழிவுத் துண்டில் இரண்டு 45 வெட்டிச் சேர்த்து மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். சரியாக 90 வந்தபிறகுதான் நல்ல குழாயைத் தொட வேண்டும். ஜோடித் துண்டுகளை அருகருகே வைத்துத் தடவிப் பார்த்தால் அரை மில்லி வித்தியாசம்கூட விரலில் தெரியும்.

பிறகு ஒவ்வொரு முனையிலும் 25 மி.மீ. தூரத்துக்குப் பூச்சை ஃபிளாப் டிஸ்க்கால் (கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் அடுக்குச் சக்கரம்) எடுத்துவிடுங்கள். துத்தநாகம் பூசிய குழாய் என்றால் இது கட்டாயம். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் மாதிரி வரும். பூச்சை எடுத்தபிறகும் பி2 மாஸ்க் (நுண்துகளை வடிகட்டும் வகை) போட்டு, கதவைத் திறந்துவைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். எண்ணெய் துடைக்க அசிட்டோன், அது முழுதாகக் காய்ந்தபிறகே வெல்டிங். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை வெல்டிங் பக்கமே கொண்டுவராதீர்கள். ஆர்க் பட்டால் அது ஃபாஸ்ஜீன் என்னும் விஷ வாயுவாக மாறும்.

கோடையில் இன்னொன்று: முழுத் தீத் தடை அறிவித்த நாளில் வெளியில் வெல்டிங், கிரைண்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள். மாநில விதியை அன்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

டேக்

இரண்டு வளையங்களையும் மட்டமான தரையிலோ மேசையிலோ படுக்க வைத்தே செய்யுங்கள். மூலைக்கு இரண்டு டேக் (துண்டுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் புள்ளி வெல்டு), ஒவ்வொன்றும் பருப்பளவு. காந்த மூலைமட்டம் பிடித்துக்கொள்ள உதவும், ஆனால் அதன் அருகில் ஆர்க் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். டேக் போடுமிடத்திலிருந்து தள்ளி வைக்கவும், அல்லது கிளாம்ப் போடவும்.

நான்கு மூலையும் டேக் ஆனதும் மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். வளையத்துக்கு இரண்டும் 2440 வர வேண்டும். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் முனையைத் தட்டிச் சரிசெய்யுங்கள். டேக் மட்டும் இருக்கும்போது இது எளிது. கால்களை நிறுத்தியபின் பக்கச் சட்டத்துக்கு 1901, முன் சட்டத்துக்கு 1945 அல்லது 1946. முழு ஃபிரேமும் டேக்கில் நிற்கும்போது கதவையும் வைத்துப் பார்த்துவிடுங்கள். கதவுக்கு வெளியளவு 1640×790. சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி வரும்.

முழு வெல்டிங்

முதலில் கழிவுத் துண்டில் ஒரு டி-மூட்டு போட்டு, சுத்தியலால் அடித்துப் பிய்த்துப் பாருங்கள். வெல்டு முழுதாக உரிந்து வந்து, அடியில் குழாய் வழவழப்பாக இருந்தால் அது ஒட்டவே இல்லை என்று அர்த்தம். குழாயின் சுவரே கிழிந்துவந்தால் செட்டிங் சரி.

25×25 மேல் 25×25 நிறுத்தும்போது நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. இரண்டு பக்கம் உள்மூலை, அது எளிது. மற்ற இரண்டு பக்கம் முகம் முகத்தோடு சமமாக வரும். அங்கே அடிக்குழாயின் மூலை வளைவதால் ஒரு சிறு பள்ளம் இருக்கும். பொத்தல் விழுவது பெரும்பாலும் இந்தப் பள்ளத்தில்தான். வெட்டிய முனை மெல்லிய விளிம்பு, சீக்கிரம் உருகும். அடிக்குழாயின் முகம் சூட்டை வாங்கிப் பரப்பும். அதனால் ஆர்க்கை அடிக்குழாய் மேல் பற்றவைத்து, உருகிய இரும்புக் குட்டை உருவானதும் அதை விளிம்புக்கு லேசாகத் தள்ளுங்கள். வயர் டிப்புக்கு வெளியே 10 மி.மீ. அளவில் இருக்கட்டும்.

ஒரு தடவைக்கு 15 முதல் 20 மி.மீ., அவ்வளவுதான். உடனே எதிர் மூலைக்குப் போய்விடுங்கள். கையால் தொட முடிகிற அளவு ஆறியபிறகே அதே மூட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒரே மூட்டை நான்கு பக்கமும் தொடர்ந்து போட்டால் கால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். நிற்கும் மூட்டுகளை மேலிருந்து கீழே போடுங்கள். மெல்லிய குழாய்க்கு அதுவே நல்லது. உருகிய குட்டை, ஆர்க்கை முந்தி வழியாதபடி வேகமாக இறங்க வேண்டும், முந்திவிட்டால் மேலோட்டமாக ஒட்டியதுபோல் படிந்துவிடும்.

பொத்தல் விழுந்துவிட்டால் நடுவில் சுடாதீர்கள். ஓரத்தில் ஒரு புள்ளி, சிவப்பு மறைந்ததும் பக்கத்தில் இன்னொரு புள்ளி, இப்படிச் சுற்றிச் சுற்றி உள்ளே வாருங்கள். முடிந்ததும் மேட்டை மட்டும் 60 கிரிட் ஃபிளாப் டிஸ்க்கால் தேய்த்துத் தணிக்கவும். கிரைண்டிங் கல் வேண்டாம். அது வெல்டோடு குழாய்ச் சுவரையும் தின்றுவிடும். காரகேஷன் (அலை அலையாக மேடுபள்ளம் விழுந்த) சாலையின் அதிர்வில் விரிசல் தொடங்குவது அப்படி மெலிந்த இடத்தில்தான்.

இரண்டு முனையும் அடைபடும் குழாய்களில் கடைசி மூட்டை மூடும்போது உள்ளே சூடான காற்று வெல்டைத் துளைத்து வெளியே வரும். இது ஊசித்துளையாகத் தெரியும், பலரும் காஸ் குறை என்று நினைப்பார்கள். கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில் முன்னதாகவே 5 மி.மீ. துளை போடுங்கள். பிறகு தண்ணீர் வடியவும் அது உதவும்.

தகடும் பொருத்துதலும்

மூட்டுகளில் துத்தநாக பிரைமர் இரண்டு கோட். இரும்பின் மேல் அலுமினியம் நேரடியாகப் படக்கூடாது. ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். பாலியூரிதேன் பசையைத் தொடர்ச்சியாகப் போட்டு, அடைத்த வகை ரிவெட் அடியுங்கள்.

ட்ரேயோடு பிடிக்க நான்கு மூலையிலும் எம்12 போல்ட், 8.8 தரம். 1.6 குழாயைத் துளைத்து நேராகப் போல்ட் போட்டு முறுக்கினால் குழாய் நசுங்கும், பிடிப்பு போய்விடும். உள்மூலையில் 5 மி.மீ. பிளேட் வெல்டு செய்து போல்ட்டை அதில் போடுங்கள். ட்ரேக்கு அடியிலும் பெரிய வாஷர். ஆஸ்திரேலிய லோடு ரெஸ்ட்ரெயிண்ட் வழிகாட்டி, முன்பக்கம் நகராமலிருக்கச் சுமையின் எடையில் 80 சதவீதத்தையும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீதத்தையும் தாங்கும் பிடிப்பைக் கேட்கிறது. உள்ளே வைக்கும் கருவிகள், பேட்டரி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

யூட்டின் மேலேயே ஏதாவது வெல்டிங் செய்ய வேண்டி வந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை மூட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். முடிந்தவரை கனோப்பியைக் கீழே இறக்கிச் செய்யுங்கள். முதல் மண் சாலைப் பயணம் முடிந்ததும் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, நான்கு மூலை மூட்டிலும் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெடித்திருந்தால் அதன் மேலேயே வெல்டு போடாதீர்கள். விரிசல் முடியுமிடத்தில் 3 மி.மீ. துளை போட்டு, விரிசலை கிரைண்டரால் திறந்து, அப்புறம் நிரப்புங்கள்.