முங்குநீச்சல் தெரிந்தவர் மாலத்தீவு லைவ்போர்டுக்குத் தயாராவது எப்படி?

தங்குவது, சாப்பிடுவது, தூங்குவது, கடலுக்குள் இறங்குவது எல்லாம் ஒரே படகில் நடந்தால் அதுதான் லைவ்போர்டு. பெரும்பாலும் 7 இரவுகள். நாளுக்கு 3 டைவ், இரவு டைவ் இருந்தால் 4. வாரம் முடியும்போது 17 முதல் 20 டைவ் ஆகியிருக்கும். மாலத்தீவில் இதைச் சஃபாரி படகு என்பார்கள். குளிரூட்டிய அறை, மேல்தளத்தில் சாய்வு நாற்காலி, வேளாவேளைக்குச் சாப்பாடு எல்லாம் பெரிய படகில். கம்ப்ரஸர், சிலிண்டர், ஈர உடைகள் எல்லாம் கூடவே வரும் சின்னப் படகில். அந்தச் சின்னப் படகுக்குத் தோனி என்று பெயர். நாகப்பட்டினத்துக்காரருக்கு அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பதிவு காவிரி, கொள்ளிடம், கோயில் குளம் என்று நீந்தி வளர்ந்தவர்களுக்கு. நீச்சல் தெரிந்திருப்பது பெரிய பலம். ஆனால் ஆற்றில் நமக்குக் கைகொடுக்கும் ஒரு பழக்கம் ஸ்கூபாவில் உயிருக்கே உலை வைக்கும். மற்ற படிகளை வேகமாகக் கடந்தாலும் படி 2-ஐ நிதானமாகப் படியுங்கள்.

படி 1: சான்றிதழ்

முதலில் ஓப்பன் வாட்டர் பயிற்சி. நீச்சல் குளத்தில் பழகிவிட்டுக் கடலில் 4 டைவ் முடித்தால், 18 மீட்டர் ஆழம் வரை போக அனுமதி. பேடி, எஸ்.எஸ்.ஐ ஆகிய இரண்டு பயிற்சி அமைப்புகளில் எதன் சான்றிதழானாலும் சரி, எல்லா நாட்டிலும் செல்லும். டெல்டாவிலிருந்து பக்கத்தில் இருப்பது புதுச்சேரி. அங்கே நீர் ஒருநாள் தெளிவாக இருக்கும், மறுநாள் கலங்கிக் கிடக்கும். கலங்கிய நீரில் கற்றவர் தெளிந்த நீரில் தடுமாற மாட்டார் என்பதால் அதையும் ஒரு நன்மையாகவே எடுத்துக்கொள்ளலாம். விடுமுறை இருந்தால் அந்தமானின் ஹேவ்லாக் இன்னும் நல்லது.

அடுத்தது அட்வான்ஸ்டு. 5 டைவ், அதில் ஆழ டைவும் திசையறியும் டைவும் கட்டாயம். இதோடு 30 மீட்டர் வரை போகலாம். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்குச் சட்டப்படியான எல்லையும் அதே 30 மீட்டர்தான். பல சஃபாரி படகுகள் அட்வான்ஸ்டு இல்லாமல் சேர்ப்பதில்லை. சில படகுகள் முன்பே 30, 50 டைவ் முடித்த பதிவைக் கேட்கும்.

நைட்ராக்ஸ் பயிற்சியையும் முடித்துவிடுங்கள். ஆக்ஸிஜன் 32 விழுக்காடு கலந்த காற்றில் உடம்பில் நைட்ரஜன் குறைவாகச் சேரும். நாளுக்கு 4 டைவ் என்று ஒரு வாரம் ஓடும்போது இது பெரிய உதவி. ஒரு எச்சரிக்கை: 32 கலவையோடு 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. சிலிண்டரில் உள்ள கலவையை அனலைசரில் நீங்களே அளந்து, கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரிலும் அதே எண்ணைப் போட வேண்டும். அடுத்தவர் அளந்து சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

லைவ்போர்டிலேயே ஓப்பன் வாட்டர் கற்றுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கே நீரோட்டம் பயிற்சிக்காகக் காத்திருக்காது.

படி 2: மூச்சடக்கும் பழக்கத்தை மறப்பது

படித்துறையிலிருந்து குதிக்கும் முன் மூச்சை இழுத்து நெஞ்சில் கட்டிக்கொண்டு முங்குகிறோம். அந்த மூச்சு மேலே எடுத்தது. கீழே போகப் போக நீரின் அழுத்தம் அதை நசுக்கும். திரும்பி வந்தால் பழைய அளவுக்கு விரியும், அதற்கு மேல் விரியாது. அதனால்தான் முங்குநீச்சலில் நுரையீரல் கிழிவதில்லை.

ஸ்கூபாவில் மூச்சை இழுப்பதே கீழேதான். 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல 2 மடங்கு, 20 மீட்டரில் 3 மடங்கு. சிலிண்டரிலிருந்து மூச்சிழுக்க வாயில் கவ்வும் ரெகுலேட்டர் அந்தந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து, பழக்கத்தில் அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அதே காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அவ்வளவு இடம் கிடையாது. கிழிந்தால் காற்றுக்குமிழி ரத்தத்தில் புகுந்து மூளை வரை போகலாம். இதற்குப் பெரிய ஆழமும் தேவையில்லை, நெஞ்சளவு நீரே போதும்.

விதி ஒன்றுதான்: ரெகுலேட்டர் வாயில் இருக்கும்போது மூச்சு நிற்கவே கூடாது. வாயிலிருந்து எடுத்திருந்தால் 'ம்ம்ம்' என்று முனகியபடி சின்னச் சின்னக் குமிழிகள் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. ஆனால் பயந்த நொடியில் நீச்சல்காரர் உடம்பு தானாக மூச்சை அடைத்துவிடும். நீச்சலே தெரியாதவரைவிட நன்றாக முங்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தப் பழக்கம் விட நாளாகிறது.

பழக்கத்தை மாற்ற ஊரிலேயே தொடங்கலாம். இடுப்பளவுக் குளத்து நீரில் மாஸ்க்கும் ஸ்நார்கல் என்ற மூச்சுக்குழாயும் மாட்டி, முகத்தை நீருக்குள் வைத்து, 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. தினமும் 10 நிமிடம், இரண்டு வாரம். பிறகு மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அதையே செய்யுங்கள். மூக்கில் நீர் படும்போதும் மூச்சு ஒரே சீராக ஓடினால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். துணைக்கு ஒருவர் கரையில் இருக்கட்டும்.

காற்றை மிச்சம் பிடிக்கவும் சிலர் மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுவார்கள். கரியமில வாயு உடம்பில் தேங்கித் தலைவலி வரும், அதற்குப் பிறகு மூச்சு இன்னும் வேகமாகும். மிச்சம் ஒன்றும் ஆகாது.

படி 3: காது

முதல் 10 மீட்டரில்தான் காற்றின் கன அளவு பாதியாகிறது. அதனால் காதுத் தொல்லை பெரும்பாலும் மேலேயே வந்துவிடும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுவது எல்லோரும் கற்கும் முறை. அதைவிட மென்மையான முறை இது: மூக்கைப் பிடித்துக்கொண்டு, தொண்டையை மூடி, 'க்' என்று சொல்லப் போவதுபோல நாக்கின் அடியை மேலே தள்ளுங்கள். இரண்டு காதிலும் 'டொப்' என்று கேட்கும். தரையிலேயே நாளுக்கு 20 முறை செய்து பழகலாம்.

எல்லோரும் செய்யும் தவறு, வலித்த பிறகு ஊதுவது. வலிக்கும்போது காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் ஏற்கெனவே நசுங்கி மூடியிருக்கும். எவ்வளவு ஊதினாலும் திறக்காது, பலமாக ஊதினால் உள்காதுக்கே ஆபத்து. தண்ணீருக்கு மேலேயே ஒருமுறை, பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை. கால் கீழே, தலை மேலே இருக்கும்படி இறங்குங்கள். அடைத்தால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். சளி இருந்தால் அன்று டைவ் கிடையாது. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், கீழே மருந்தின் வேகம் தீர்ந்து, மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 4: ஈயக்கட்டி எத்தனை கிலோ?

ஆற்று நீரைவிடக் கடல்நீர் சுமார் 2.5 விழுக்காடு அடர்த்தி கூடியது. உடம்பும் கருவிகளும் சேர்ந்து 100 லிட்டர் இடத்தை அடைத்தால், கடலில் 2.5 கிலோ கூடுதலாக மிதப்பீர்கள். குளத்துப் பயிற்சியில் 3 கிலோ போதுமாக இருந்ததென்று அதையே கட்டிக்கொண்டு கடலில் குதித்தால் தக்கைபோல மேலேயே நிற்பீர்கள்.

இன்னொன்று, படகுகளில் வழக்கமாகத் தரும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர். 200 பார் அழுத்தத்தில் நிரம்பியிருக்கும்போது சற்று மூழ்கும், காலியாகும்போது மிதக்கும். இடையிலே 2 கிலோவுக்கு மேல் வித்தியாசம். டைவ் தொடக்கத்தில் கச்சிதமாக இருந்தவர், முடிவில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க முடியாமல் மேலே மிதந்து போவது இதனால்தான்.

3 மி.மீ. உடைக்கு உடல் எடையில் 5 விழுக்காட்டில் தொடங்குங்கள். பிசிடியில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை) உள்ள காற்றை முழுக்க விட்டு, சாதாரணமாக மூச்சிழுத்து அசையாமல் நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும், மூச்சை விட்டதும் மெல்ல மூழ்க வேண்டும். சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது சோதித்தால் அதற்கு மேல் 2 கிலோ சேருங்கள். கிடைத்த எண்ணை உடையின் தடிமன், சிலிண்டர் வகையோடு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த படகில் அதுதான் கேட்பார்கள்.

படி 5: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

சொந்தமாக வேண்டியவை மூன்று: மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மேற்பரப்பு அடையாள மிதவை. மற்றதெல்லாம் வாடகை. வசதி இருந்தால் நான்காவதாக ஃபின், அதாவது காலில் மாட்டும் துடுப்பு. ரெகுலேட்டரை வாங்கி ஈரப்பதத்தில் அலமாரியில் வைத்துவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்கு அலைவதில் பயனில்லை.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது ஒட்டிய மெல்லிய படலம் இருக்கும். எத்தனை எச்சில் தடவினாலும் பனிபோல மூடும். வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் போட்டு விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், மூன்று நான்கு முறை. பிறகு ஒவ்வொரு டைவுக்கும் குழந்தைகள் ஷாம்பு ஒரு சொட்டு போதும்.

மீசை வைத்திருப்பவர்களுக்கு: நீர் கசிந்தால் மாஸ்க் மேல் பழி போடாதீர்கள். மூக்குக்குக் கீழே, மீசையின் மேல்விளிம்பில் ஒரு கோடு அளவுக்கு மழித்துவிட்டால் ரப்பர் தோலில் ஒட்டும். மீசையில் கை வைக்க மாட்டேன் என்றால் சிலிக்கான் கிரீஸ் தடவலாம், வாஸ்லின் வேண்டாம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தால் பட்டை வழுக்கும்.

சிலிண்டரைத் திறந்தபின் வெறும் எண்ணைப் பார்த்து 200 என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் மானியைப் பார்த்தபடியே ரெகுலேட்டரில் நான்கு முறை மூச்சிழுங்கள். முள் அசையாமல் நின்றால் சரி. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் இறங்கி இறங்கி ஏறினால் வால்வு முழுக்கத் திறக்கவில்லை. மேலே மூச்சு வரும், 20 மீட்டரில் வராது.

படி 6: படகையும் மாதத்தையும் தேர்ந்தெடுப்பது

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று, கடல் அமைதி. சம்பா அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் மாதங்களும் இவையே. மே முதல் நவம்பர் வரை மழையும் அலையும் உண்டு, ஆனால் பா பவளத்தீவுகளின் ஹனிஃபாரு விரிகுடாவில் மான்டா திருக்கைகள் கூடும் காலம் அது. அங்கே ஸ்கூபாவுக்குத் தடை, ஸ்நார்கல் மட்டும்தான்.

முன்பணம் கட்டும் முன் சொகுசைவிட இவற்றைக் கேளுங்கள். இரவு முழுக்க விழித்திருக்கும் காவல் ஆள் உண்டா? தூங்கும் தளத்திலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே திறக்கிறது? பேட்டரி சார்ஜ் செய்ய எந்த இடம்? ஆக்ஸிஜன் கருவி எத்தனை நிமிடத்துக்கு? 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவ் படகு இரவில் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் இருந்த 34 பேரும் இறந்தார்கள். ராக்காவல் போடாததை விசாரணை கடுமையாகச் சுட்டிக்காட்டியது. ஏறிய முதல் நாளே அந்த இரண்டாவது வழியில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். பவர் பேங்க்கைத் தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா பெரும்பாலும் சேராது. உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் குமிழிகளாகி நோய் வந்தால் தேவைப்படும் அழுத்த அறைச் சிகிச்சையைச் சேர்த்த டைவ் காப்பீடு தனியாக வேண்டும். சைவமென்றால் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மாலத்தீவுச் சமையலில் மாசிக் கருவாடு எதில் இருக்கும் என்று ருசித்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

படி 7: நீரோட்டம்

பவளத்தீவு வட்டத்துக்கு உள்ளே ஏரிபோலக் கடல், வெளியே ஆழ்கடல், இடையே வாய்க்கால்கள். அந்த வாய்க்காலை மாலத்தீவுக்காரர்கள் 'கண்டு' என்பார்கள். அலையேற்றத்தில் நீர் உள்ளே பாயும், இறக்கத்தில் வெளியே. நம் ஊர் மதகை நினைத்துக்கொண்டால் போதும். மதகு வாயில் மீன் கூடுவதுபோல, உள்ளே பாயும் நேரத்தில் கண்டின் வாயில் சுறாக்கள் நிற்கும். தெளிந்த நீரும் அப்போதுதான்.

எதிர்த்து நீந்தாதீர்கள். தரையை ஒட்டி நீரின் வேகம் குறைவு, அங்கே தாழ்ந்து போங்கள். பாறைக் கொக்கியை (கயிற்றால் உங்களோடு இணைத்த கொக்கி) உயிருள்ள பவளத்தில் மாட்டாமல் செத்த பாறையில் மாட்டி, பிசிடியில் கொஞ்சம் காற்று ஏற்றினால் பட்டம்போல நிற்கலாம். இங்கேதான் பலர் இடறுகிறார்கள்: ஏற்றிய காற்றை விடாமல் கொக்கியை எடுத்துவிடுகிறார்கள். எடுத்த நொடியில் மேலே சீறிப் போய்விடுவீர்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் காற்றை விடு, கயிற்றைப் பிடித்து முன்னால் நகர்ந்து தளர்த்து, கடைசியில் கொக்கியை எடு.

துணையைத் தவறவிட்டால் ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். இல்லையென்றால் நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஏறி, 5 மீட்டரில் மிதவையை விடுங்கள். நூல் சிக்கினால் உடனே கையை விட்டுவிடுங்கள். மிதவை போனால் போகட்டும், அதோடு நீங்களும் போகக் கூடாது.

படி 8: படகில் ஒரு வாரம்

ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் காதை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். மூன்றாம் நாள் காதுப் புண்ணால் படகிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், உடம்பு வறண்டால் நைட்ரஜன் நோய்க்கான வாய்ப்பு கூடும். குமட்டலுக்கான மாத்திரையைப் படகு ஆடிய பிறகு போட்டால் தங்காது, கிளம்பும் முன்பே போட வேண்டும். தூக்கம் வருகிறதா என்று ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பாருங்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டு.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம், ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது. திருச்சிக்குக் கொழும்பு வழியாக டிக்கெட் போடுபவர்கள் முதல் விமானம் கிளம்பும் நேரத்தை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பிற்சேர்க்கை

கண்ணாடி போடுபவர்கள் பலர் கேட்டதால்: மாஸ்க்குக்குள் கண்ணாடி போட முடியாது, கம்பி வழியே நீர் கசியும். பவர் வைத்த மாஸ்க் கண்ணாடிகள் அரை டயாப்டர் இடைவெளியில் தயாராகவே கிடைக்கின்றன. நீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால், பவர் மிகக் குறைவாக இருப்பவர்கள் முதலில் சாதாரண மாஸ்க்கோடு ஒரு டைவ் போய்ப் பார்த்துவிட்டு வாங்கலாம். மானியின் எண் படிக்க முடிகிறதா என்பதுதான் கணக்கு.