ரெண்டு வயசுப் பிள்ளையும் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட: களியும் கீரைக் கடைசலும்

குழந்தைக்கென்று தனியாகச் சமைக்க வேண்டாம். பயறும் கீரையும் ஒரே சட்டியில் வேகட்டும், மிளகாய் விழுவதற்கு முன்னால் பிள்ளையின் பங்கை எடுத்து வையுங்கள், அப்புறம் மீதியில் உங்கள் காரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவில் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்ய உட்கார்ந்தால் எங்கே நிறுத்த வேண்டும், எதை எடுக்க வேண்டும், காரம் அப்புறம் எப்படி உள்ளே இறங்கும் என்று நிறையக் கேள்வி வரும். அதனால் ஒரு ராத்திரிச் சாப்பாட்டை முழுதாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ராயக்கோட்டைப் பக்கம். மனைவிக்கு ஓசூரில் வேலை, பஸ் பிடித்து வீடு சேர எட்டு மணி ஆகிவிடும், அதனால் ராத்திரி அடுப்பு என் பொறுப்பு. சாப்பிடுவது நான், மனைவி, என் அம்மா, ரெண்டு வயசு முடிந்த பாப்பா. ஒரு வயசுக்கு மேல் குழந்தை வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிடலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் பல வீடுகளில் பிள்ளைக்குக் குழைந்த பருப்புச் சாதம், தினமும் அதே சாதம், பெரியவர்களுக்கு வேறு என்றுதான் ஓடுகிறது. பிள்ளை நம் தட்டைப் பார்த்துக் கை நீட்டும், காரம் என்று கையைத் தள்ளிவிடுவோம். நாம் தின்பதைத் தானும் தின்ன வேண்டும் என்று அதற்கு ஆசை, அந்த ஆசைதான் நமக்குக் கிடைத்திருக்கிற பெரிய வசதி. அதை விட்டுவிடக்கூடாது.

வேண்டியது

கேழ்வரகு மாவு ரெண்டு டம்ளர், அரிசி நொய் ஒரு கைப்பிடி, பச்சைப்பயறு முக்கால் டம்ளர், சிறுகீரை ஒரு கட்டு, நாட்டுத் தக்காளி மூன்று, பூண்டு ஏழெட்டுப் பல், சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள்தூள், வரமிளகாய், கடலை எண்ணெய், கொஞ்சம் நெய். தக்காளிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, மண்டி பக்கத்திலேயே இருக்கிறது. நாட்டுத் தக்காளியின் புளிப்பே போதும், பிள்ளை சாப்பிடும் நாளில் புளி கரைத்து ஊற்ற வேண்டியதில்லை. பயறிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேரவும் தக்காளியில் உள்ள வைட்டமின் சி உதவும்.

மாவு எப்படிப்பட்டது என்பது முக்கியம். கடையில் பாக்கெட் மாவு வாங்குவதைவிட, கேழ்வரகு வாங்கிக் கல் பார்த்துக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைப்பதுதான் எனக்குப் பிடிக்கும். நாள்பட்ட மாவில் ஒரு கசப்பு வரும், பெரியவர்கள் குழம்போடு விழுங்கிவிடுவோம், பிள்ளை துப்பிவிடும். முளைகட்டிய மாவு இதற்கு வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் புளூரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிற வயசு இது, இப்போது அளவுக்கு மேல் போனால் பின்னால் முளைக்கும் பல்லில் கறை நிற்கும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். புளூரைடு கொதித்துப் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். களி முழுக்கத் தண்ணீரால் ஆனது, அதனால் குடிக்கிற ஒகேனக்கல் தண்ணீரிலேயே உலை வையுங்கள். போர் தண்ணீரைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

பயறும் கீரையும்

பயறை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, கழுவி, பூண்டு, மஞ்சள்தூள் சேர்த்துக் குக்கரில் நாலு விசில். அது அடங்குவதற்குள் கீரையை அரிந்து மூன்று தண்ணீரில் அலசுங்கள். மண் ஒரு துணுக்கு பல்லில் கடிபட்டாலும் பிள்ளை அன்றைக்கு வாயைத் திறக்காது. இளந்தண்டைச் சேர்க்கலாம், நார்த்தண்டு வேண்டாம்.

வெந்த பயறைச் சட்டிக்கு மாற்றி, தக்காளியை முழுசாகப் போட்டு மூடுங்கள். தோல் சுருண்டதும் கரண்டியால் அதை எடுத்துவிட வேண்டும், தக்காளித் தோல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் குழந்தைக்குக் குமட்டும். அப்புறம் கீரை, சீரகம், வெங்காயம். கீரை வெந்து நிறம் மாறாமல் இருக்கும்போதே இறக்கிக் கடையுங்கள்.

கடைய மத்துதான். மிக்சியில் ஒரு சுற்று விட்டால் ஒரு நிமிஷத்தில் வேலை முடியும், தெரியும். ஆனால் மிக்சி எல்லாவற்றையும் பசையாக்கிவிடுகிறது, மென்று தின்னப் பழக வேண்டிய வயசில் பிள்ளைக்கு மெல்லவே ஒன்றும் இருக்காது. மத்தில் கடைந்தால் பயறு பாதி மசிந்து பாதி முழுசாக நிற்கும், கீரை இழை இழையாகத் தெரியும். மரமத்து, வாயகன்ற மண்சட்டி, வேறொன்றும் தேவையில்லை.

பிரிக்கிற இடம்

கடைந்தாயிற்று. இப்போது சட்டியில் உப்பும் இல்லை, காரமும் இல்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் பிள்ளைக்கு வேண்டியதை எடுத்து, ஒரு சிட்டிகை உப்பு, அரை ஸ்பூன் நெய். ஒன்றிலிருந்து மூன்று வயசு வரை ஒரு நாளைக்கு மொத்தமே 2 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டன் சுகாதாரத் துறை சொல்லும் அளவு, அது அரை டீஸ்பூனுக்கும் குறைவு. நம் நாக்குக்குச் சரியாக இருக்கிற உப்பு அதற்கு அதிகம்.

பெரியவர்களின் பங்குக்குப் பலர் கடுகு, மிளகாய் தாளித்துக் கொட்டிவிட்டு நிறுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் காரம் மேலேயே நிற்கும், உள்ளே சப்பென்று இருக்கும். "இது என்ன, பத்தியச் சாப்பாடா?" என்று என் அம்மா கேட்பார். அதனால் இப்படிச் செய்யுங்கள்: ஐந்தாறு வரமிளகாயைக் கடலை எண்ணெயில் நிறம் மாறும்வரை வறுத்து, ரெண்டு பல் பூண்டு, கல்லுப்பு வைத்து அம்மியிலோ உரலிலோ நுணுக்கி, சட்டியில் கலந்து ஐந்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். அதற்கு மேல் தாளிப்பு. முதலிலிருந்தே மிளகாய் போட்டு வேகவைத்தது போலவே இருக்கும். இந்த ஐந்து நிமிஷத்தைக் குறைக்காதீர்கள், வீட்டில் பெரியவர்கள் திருப்தியாகச் சாப்பிட்டால்தான் இந்த ஏற்பாடு நாலு நாளுக்கு மேல் நீடிக்கும்.

களி

இதுதான் புதிதாகச் செய்பவர்கள் பயப்படுகிற இடம், எனக்கும் கை பழக நாளானது இதில்தான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

அடிகனமான பாத்திரத்தில் ஐந்து டம்ளர் தண்ணீர் ஊற்றி, நொய்யைக் கழுவிப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். நொய் வெந்ததும் அந்தக் கஞ்சித் தண்ணீரில் ஒரு டம்ளர் மொண்டு தனியாக வையுங்கள். மாவில் ஒரு ஸ்பூன் மட்டும் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் கரைத்து உலையில் ஊற்றுங்கள். உலை லேசாகக் கெட்டிப்பட்டுத் தளதளவென்று கொதிக்கும். தெளிந்த வெந்நீரில் மாவைக் கொட்டினால் அங்கங்கே உருண்டு கட்டி தட்டும், கொஞ்சம் கெட்டிப்பட்ட உலையில் அது குறையும்.

இப்போது மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிண்டாதீர்கள். கை பரபரக்கும், ஆனாலும் கிண்டாதீர்கள். களி கிண்டுகிற மரத் துடுப்பின் காம்பால் குவியலின் நடுவில் அடிவரை ஒரு குழி போட்டால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் கொதித்து மேலே வந்து மாவை நனைக்கும். தீயை நன்றாகக் குறைத்து, பாதி மூடி, ஏழெட்டு நிமிஷம் விடுங்கள். மாவு உள்ளே வேகிற நேரம் இது. அவசரப்பட்டு இப்போதே கிண்டினால் மேல்மாவு வேகாமல் உள்ளே போய்க் கட்டியாகும், அப்புறம் எவ்வளவு அடித்தாலும் அது உடையாது, உடைத்துப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக மாவு இருக்கும்.

நேரமானதும் அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தைக் கீழே இறக்கி, அது அசையாமல் கவைக்கோலால் (பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கிற கவட்டைக் கம்பு) பிடித்துக்கொண்டு, துடுப்பால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மடித்து மடித்துக் கிண்டுங்கள். கவைக்கோல் இல்லையென்றால் இடுக்கியோடு இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள், இதைத் தனியாக ஒற்றைக் கையால் செய்வது ஆபத்து, அதுவும் பிள்ளை காலடியில் சுற்றுகிற வீட்டில். இறுகினால் எடுத்து வைத்த கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். நிறம் கறுத்து மினுமினுப்பு வந்ததும் மறுபடி அடுப்பில் வைத்து, மூடி, சின்னத் தீயில் மூன்று நிமிஷம். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை, வேகாத கேழ்வரகு பிள்ளைக்கு வயிற்றை வலிக்கும்.

பிள்ளையின் தட்டு

நாம் களியை மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்குவோம். அந்தப் பழக்கத்தைக் குழந்தைக்கு இப்போது கொடுக்க வேண்டாம். கெட்டியான உருண்டை தொண்டையில் நிற்கும். சூடாக இருக்கும்போதே ஒரு எலுமிச்சையளவு களியைத் தனியாக எடுத்து, கஞ்சித் தண்ணீரும் நெய்யும் விட்டுப் பிசைந்து தளர்த்தி, ஈரக்கையால் சின்னச் சின்னத் தட்டையான துண்டுகளாகத் தட்டி வையுங்கள். பாப்பா ஒரு துண்டை எடுத்துக் கடைசலில் அழுத்துவாள், பச்சை அப்பிக்கொண்டதும் திருப்பிப் பார்ப்பாள், அப்புறம்தான் வாய்க்குப் போகும். தட்டு, தரை, முழங்கை எல்லாம் கீரையாகும். ஆகட்டும், துடைத்துவிடலாம். தானே எடுத்துத் தின்கிற பிள்ளை வயிறு நிறைந்ததும் தானே நிறுத்தும், ஊட்டுகிறவருக்கு அது தெரியாது.

நாலு வாய் சாப்பிட்டு எழுந்துவிட்டால் விட்டுவிடுங்கள். புது ருசி ஒன்று பிடிபடப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். ஆனால் ஆறு மணிக்கு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்துவிட்டு எட்டு மணிக்குச் சாப்பிடவில்லை என்று வருத்தப்படாதீர்கள். என் வீட்டில் அந்த ஆறு மணிப் பாலைப் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றியதே பாதி வேலையை முடித்துவிட்டது. கால்சியம் குறைந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம், 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது, அதே எடைப் பசும்பாலில் 120 அளவுதான். அது முழுவதும் பாலில் இருப்பது போல உடம்பில் சேராது என்பதும் உண்மை, அதனால் பாலை நிறுத்தச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றுங்கள் என்கிறேன்.

பின்சேர்க்கை

இதைச் செய்து பார்த்த சிலர் கேட்டதற்கு:

களி கிண்டக் கிண்டத் தளர்ந்து கூழாகிறது என்றவர்கள் எல்லோரும் முளைகட்டிய மாவு போட்டிருக்கிறார்கள். முளைவிடும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும், அதனால் அது இறுகவே இறுகாது. அந்த மாவைக் காலையில் கூழுக்கும் கஞ்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அருமையாக இருக்கும்.

கீரையே தொடமாட்டேன் என்கிற பிள்ளைக்கு மார்கழி, தையில் பிதுக்குப் பருப்பு செய்து பாருங்கள். அவரைக்கொட்டையை ஊறவைத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு துள்ளி விழும். பாப்பாவை அவள் ஆயா, அதாவது என் அம்மா மடியில் உட்காரவைத்துப் பிதுக்கச் சொன்னால் அரை மணி நேரம் அசையாமல் இருப்பாள். பச்சைப் பருப்பு வாய்க்குப் போகாமல் யாராவது கண்ணை வைத்திருக்க வேண்டும், தொண்டையில் அடைக்கும். தான் பிதுக்கியது என்பதாலேயே குழம்பில் தேடித் தேடித் தின்பாள், வெந்ததை விரலால் நசுக்கிக் கொடுங்கள். பிரிக்கும் முறை அதே, மசாலா அரைத்து ஊற்றுவதற்கு முன்.

வேர்க்கடலைச் சட்னி வைக்கலாமா என்றால், நைசாக அரைத்ததை வைக்கலாம். முழுக்கடலை நாலைந்து வயசுவரை வேண்டாம். பிள்ளை முதன்முதலாகக் கடலை சாப்பிடுகிறது என்றால் ராத்திரியில் வேண்டாம், பகலில் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள்.

மீந்த களியில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் மோர் விட்டுக் கரைத்துக் குடிப்பது பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைக்கு இந்த வெயிலில் நான் கொடுப்பதில்லை. காரம் சேர்க்காத கடைசல் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், உப்பு போடும் முன்பே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் தோசை மாவில் கலந்து சின்னச் சின்னதாக ஊற்றலாம், நன்றாக வேகவிட்டு எடுங்கள். பிள்ளை கை வைத்த கிண்ணத்தில் மீந்ததை மட்டும் எடுத்து வைக்காதீர்கள்.