ஜூன் முதல் உறைபனி வரை பூக்கும் ரோசான் ஜெரேனியம்

குளிர்நாட்டில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள், ஒருமுறை நட்டால் ஆண்டுதோறும் தானே துளிர்த்துப் பூக்கும் செடி எது என்று கேட்டால், ரோசான் என்னும் ஜெரேனியத்தையே முதலில் சொல்வேன். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் வாட்டரர் தம்பதியின் தோட்டத்தில் 1989-இல் தோன்றி, 2000-இல் விற்பனைக்கு வந்த இக்கலப்பினத்தை, அமெரிக்காவின் பல்லாண்டுத் தாவரச் சங்கம் 2008-ஆம் ஆண்டின் சிறந்த செடியாக அறிவித்தது. 2013-இல் செல்சி மலர்க் கண்காட்சியில் நூற்றாண்டின் செடி என்ற பட்டமும் இதற்கே கிடைத்தது. இதன் பெற்றோரான இரண்டு இனங்களும் இமயமலையைச் சேர்ந்தவை; கடுங்குளிரை இது தாங்குவதற்கும், புழுக்கமான வெப்பத்தில் சோர்ந்துபோவதற்கும் அந்தப் பிறப்பே காரணம்.

வாங்கும்போது பெயர்ச்சீட்டைப் பாருங்கள். ஜன்னலோரத் தொட்டிகளில் சிவப்பாகப் பூக்கும் ‘ஜெரேனியம்’ உண்மையில் பெலர்கோனியம் என்னும் வேறு செடி. அது உறைபனியில் மடிந்துவிடும்.

வெயிலோ அரைநிழலோ போதும். ஆனால் தண்ணீர் தேங்காத மண் வேண்டும். வசந்தத்தில், செடி இருந்த தொட்டியைப்போல இருமடங்கு அகலத்துக்குக் குழி வெட்டி, மக்கிய உரத்தை மண்ணோடு கலந்து, தொட்டியில் இருந்த அதே மட்டத்துக்கு நட்டு, ஊற்றிய நீர் வேர்வரை இறங்கும்படி நனையுங்கள். முதல் கோடையில் மட்டும் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேர் பிடித்தபின் நீண்ட வறட்சியில் தவிரத் தண்ணீரை நினைக்க வேண்டியதில்லை.

பலரும் சறுக்குவது இடைவெளியில்தான். கடையில் கையடக்கமாக இருக்கும் செடி, கோடை நடுவில் அரை மீட்டர் உயரமும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமுமாகப் பரந்து, பக்கத்தில் இருக்கும் சிறு செடிகளின்மேல் படுத்துவிடும். ஆகவே செடிக்குச் செடி குறைந்தது முக்கால் மீட்டராவது விடுங்கள். தண்டுகள் போகிற வழியில் வேர்விடுவதில்லை. எல்லாம் நடுவிலுள்ள ஒரே தூரிலிருந்து கிளம்புபவை. குளிர்காலத்தில் அவை வாடியபின் அவ்வளவு இடமும் வெறுமையாகிவிடும் என்பதால், தூரைச் சுற்றி இலையுதிர் காலத்திலேயே, வசந்தத்தில் பூக்கும் டாஃபடில் மலர்ச்செடியின் கிழங்குகளைப் புதைத்து வைக்கலாம். அவை பூத்து முடிந்து இலை பழுக்கும் வேளையில் ரோசான் படர்ந்து அவற்றை மறைத்துவிடும்.

பூ ஐந்து சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஊதா கலந்த நீல இதழ்களில் கருஞ்சிவப்பு நரம்புகள் ஓடி வெள்ளை நடுவில் சேரும். மலட்டுச் செடியாதலால் விதை கட்டுவதில்லை. அதனால்தான் மாதக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கிறது, வாடிய பூக்களைக் கிள்ளும் வேலையும் மிச்சம். ஜூலை இறுதியில் நடுப்பகுதி பிளந்து தண்டுகள் தளர்ந்து கிடந்தால், தயங்காமல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிட்டு நன்றாக நீர் ஊற்றுங்கள். சில வாரங்களில் புதுத் தழையோடு மீண்டும் பூக்கும். அதிக உரம் இலையைத்தான் பெருக்கும்; வசந்தத்தில் ஒரு கை மக்கு உரம் போதும். இளந்துளிர் விடும் நாள்களில் மட்டும் நத்தைகளைக் கவனியுங்கள்.

விதை இல்லாததால், இன்னொரு செடி வேண்டுமானால் தூரைப் பிரிக்கலாம். நன்கு பருத்த தூரை வசந்தத் தொடக்கத்தில் தோண்டியெடுத்து, ஒவ்வொரு துண்டிலும் வேரும் துளிர் மொட்டும் இருக்குமாறு கூரிய கத்தியால் பிளந்து, வேர் காய்வதற்குள் நட்டுவிடுங்கள்.